நானே கட்டிய வீட்டுக்கு நானே கொடுத்த சான்று

வீடு வாங்குவதற்கு முன்னால் அதைப் பார்த்துச் சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் இந்த வேலைக்கு இன்னும் சரியான பெயர்கூட இல்லை. "வீடு பார்க்கிற மேடம்" என்றுதான் என்னைச் சொல்வார்கள். பத்திரத்தைப் பார்க்க வக்கீலிடம் போகிறவர்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்கள், வாசல் எந்தத் திசை என்று கேட்க வாஸ்து ஆளைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கட்டடத்தை மட்டும் மாமனாரை விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவர் சுவரை நாலு தட்டு தட்டிவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு" என்பார். ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்தது அந்த நாலு தட்டில் கைமாறிவிடும்.

இருபத்தெட்டு வருடம் இராஜபாளையத்திலும் சுற்றுப்பக்கத்திலும் வீடு கட்டிக் கொடுத்தேன். அதில் கடைசிப் பத்து வருடம் வாங்குகிறவர்களுக்காக வீடு பார்த்தும் சொன்னேன். நல்ல பேர் இருந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன், தப்பில்லை. ரயில் பாதையை ஒட்டிய தெருவில் ஒரு வீடு இரண்டு வருடமாக விலை போகாமல் கிடந்தது. முன்பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. செங்கோட்டை ரயில் போகும்போதெல்லாம் வீடு ஆடுகிறது என்று தெருவே சொன்னது. நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். அரை நாள் இருந்து பார்த்தேன். மேல்பூச்சுதான் வெடித்திருந்தது. உள்ளே செங்கல் கட்டு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. தைரியமாக வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கினார், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். குறை கண்டுபிடிப்பது மட்டும் நம் வேலை இல்லை. பயத்தைத் தெளிய வைப்பதும் நம் வேலைதான். இப்படி நாலைந்து வீடு ஆனதும், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊர் நம்பியது. ஊர் நம்பியதை நானும் நம்பிவிட்டேன். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

செல்விக்கு மகாராஜபுரம் சொந்த ஊர். கணவர் ராணுவத்தில் ஹவில்தார், வடக்கே எல்லைப் பக்கம் வேலை. செல்வி இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் செக்கிங் பிரிவில் இருந்தாள். பிள்ளைகள் படிப்புக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடு வாங்க நினைத்தார்கள். புரோக்கர் காட்டிய ஒரு வீட்டைப் பார்த்துச் சொல்லச் செல்வி என்னிடம் வந்தாள். முகவரியைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நான் கட்டிய வீடு.

விற்கிறவர் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிரஸ்தார் என்றால் அவர்தான். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் மகளோடு போய் இருப்பதற்காக வீட்டை விற்றார்.

செல்வியோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, பார்க்க வந்தவள் மாதிரி நான் நுழையவில்லை. விருந்துக்கு வந்தவள் மாதிரி நுழைந்தேன். சிரஸ்தார் காபி கொடுத்தார். கூடத்துத் தளத்தை அண்ணாந்து பார்த்து, இருபத்தைந்து வருடமாகியும் ஒரு கசிவு இல்லை பார் என்று செல்வியிடம் பெருமையாகக் காட்டினேன். மாடிக்குப் போனேன். சமையலறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். பையிலிருந்த டேப்பை எடுக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் வெளியே வந்து, "நான் கட்டுன வீடும்மா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

எல்லோருக்கும் சந்தோஷம். வேறொரு பார்ட்டியும் கேட்டுக்கொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள் என்று புரோக்கர் அவசரப்படுத்தினார். வீடியோ காலில் வந்த செல்வியின் கணவர், மேடமே கட்டியது என்றால் இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்றார். பத்திரப் பதிவுக்கு வர லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் செல்வி என் ஆபீசுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கிட மாட்டீகளே?"

சொல் என்றேன்.

"எங்க யூனிட்டுல ரோல் சுத்துன புள்ள அந்த ரோலுக்குச் செக்கிங் போடக்கூடாது மேடம். எம்புட்டு நல்ல புள்ளையா இருந்தாலும் போடக்கூடாது. அது பொய் சொல்லும்னு இல்ல. இருக்குற குறை அது கண்ணுக்குத் தெரியாது. அது நெனச்சதுதான் அதுக்குத் தெரியும். நானே ரோல் சுத்தி, நானே பாத்து அனுப்புன காலத்துல எம்புட்டோ திரும்பி வந்திருக்கு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் மேல் சந்தேகமா என்று கேட்டேன். இல்லை என்று நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உங்களுக்கு ஆகாதவரு யாராச்சும் இந்த வேலையில இருந்தா, அவரு நம்பர் குடுங்க மேடம்."

நண்பர் யார் என்று கேட்கவில்லை. எனக்கு ஆகாதவர் யார் என்று கேட்டாள். இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ரகுவின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி மேஜை மேல் போட்டேன். கையில்கூடக் கொடுக்கவில்லை.

ரகு என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், இராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம்மைவிடச் சுத்தமான தமிழ். நான் செய்துகொண்டிருந்த இதே வேலையை அவரும் ஆரம்பித்திருந்தார். அவருக்கு என்ன தெரியும் என்று நான் ஒருவரிடம் சொல்லப்போக, அது அவர் காதுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் பார்த்தால் வணக்கம் சொல்வார், நிற்க மாட்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "மேடம், செத்த நேரம் சிரஸ்தார் வீட்டுக்கு வர முடியுமா? பழைய பிளான் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிளானைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். சின்ன விஷயத்தைப் பெரிதாக்கப் போகிறான் என்று வழியெல்லாம் என்னிடமே சொல்லிக்கொண்டு போனேன்.

ரகு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். சுற்றுச்சுவரிலிருந்து சமையலறையின் பின்சுவர்வரை இழுத்தோம். என் பிளானில் அந்த இடைவெளி பதினோரு அடி. டேப்பில் ஏழடி காட்டியது. நான் திரும்ப ஒருமுறை இழுக்கச் சொன்னேன். ஏழடிதான்.

அந்தப் பதினோரு அடி எதற்கு விட்டேன் என்பது பிளானில் என் கையெழுத்திலேயே இருந்தது. மனையில் ஒரு பழைய கிணறு, தண்ணீர் வற்றித் தூர்ந்துபோனது. வீடு அதைத் தொடக்கூடாது என்று வட்டம் போட்டுக் காட்டி, அதற்கு முன்னால் நிறுத்தியிருந்தேன். கட்டி முடித்த வீடு அந்த வட்டத்தின் மேல் நின்றது.

அஸ்திவாரம் தோண்டிய சமயத்தில் எனக்கு இரண்டாவது பிரசவம். மதுரையில் ஆஸ்பத்திரி, பிறகு அம்மா வீடு, ஆக மொத்தம் ஐம்பது நாள் வேலையிடத்துக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. எல்லாம் பிளான்படிதான் என்று மேஸ்திரி சொன்னார். நான் அளந்து பார்க்கவில்லை. பிள்ளை பெற்றது தப்பில்லை. வந்த பிறகு டேப்பை எடுக்காதது தப்பு. கால் நூற்றாண்டு கழித்து அதே வீட்டில் அதே தப்பை மறுபடியும் செய்தேன்.

ரகு சமையலறைக்குள் கூட்டிப்போனார். ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் வெளியேறும் துளைப்பக்கம் போகாமல் எதிர் மூலைக்கு ஓடி நின்றது. அந்த மூலையில் இருந்த ஃபிரிட்ஜை ஏற்கனவே நகர்த்திவைத்திருந்தார். பின்னாலிருந்த சுவரில் புதிதாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த தடம். அதைச் சுரண்டியதில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, குறுக்காக மேலே ஏறியது.

தரையில் ஒரு துளை போடலாமா என்று ரகு சிரஸ்தாரிடம் கேட்டார். அவர் சரி என்று தலையசைத்தார். ரகு துளை போட்டுக் கம்பியை உள்ளே விட்டார். கம்பி ஒரு முழத்துக்கு மேல் எதையும் தொடாமல் இறங்கியது. கொட்டிய மண்ணும் குப்பையும் வருடக்கணக்கில் அமுங்கி, தரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெறும் பொந்து. அதன் மேலே அடுப்பு, கேஸ் சிலிண்டர்.

அந்த நிமிடம் ரகு செய்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்க்கவில்லை. கேஸை மூடினார். சிலிண்டரைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனார். அடுப்பையும் எடுத்துக் கூடத்தில் வைத்தார். இனி இந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது என்று சிரஸ்தாரிடம் சொல்லிக் கதவைச் சாத்தினார். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிரஸ்தார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்படி நடந்தது என்று நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அவ அடுப்படி பெருசா வேணும்னு ஆசைப்பட்டா மேடம். நாலடிதானன்னு மேஸ்திரி தள்ளிப் போட்டுட்டாரு. கெணத்தை மூடியாச்சு, ஒண்ணும் ஆகாதுன்னாரு. நீங்க ஆஸ்பத்திரில இருந்தீக."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

நீதிமன்றத்தில் ஆயுளைக் கழித்த மனிதர். கேட்ட கேள்விக்குப் பதில், கேட்காததற்கு மௌனம். வெடிப்பு விட்டது மனைவி இருந்த காலத்திலேயே. அதைப் பூசி மறைத்தது வீட்டை விலைக்குப் போட்ட பிறகு. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விற்கிறவர் தன் வீட்டைப் பற்றி நல்லதைத்தான் சொல்வார், புரோக்கர் முடிவதற்கு வழி பார்ப்பார். அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்க்க நான் ஒரே ஒரு ஆள்தான் இருந்தேன். அந்த ஆள் காபி குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

வாசலுக்கு வந்தோம். வண்டியை எடுக்கும் முன் ரகு தயங்கி நின்றார். "யார் மேற்பார்வையில கட்டினதுன்னு ரிப்போர்ட்ல எழுதத் தேவையில்ல மேடம். வீட்டோட நிலைமையை எழுதினாப் போதும்" என்றார். மனதாரச் சொன்னார். நான் அவரைப் பற்றிப் பேசியதையெல்லாம் வைத்துப் பார்த்தால், அப்படிச் சொல்ல அவருக்கு ஒரு அவசியமும் இல்லை.

சரி என்று சொல்லிவிடத்தான் எனக்குத் தோன்றியது. ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், நான் கட்டிய மற்ற வீடுகளில் இருப்பவர்கள் எல்லாம் டேப்போடு கிளம்பிவிடுவார்களே என்று மனம் ஓடியது. கையில் சுருட்டிய பிளான் இருந்தது. கிணறு எங்கே, எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பது உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் எழுதியிருந்தது. அது இல்லாமல் யாராலும் அந்தச் சமையலறையைச் சரியாக இடித்துக் கட்ட முடியாது. அதை ரிப்போர்ட்டோடு சேர்த்தால் கீழே என் கையெழுத்தும் சேர்ந்துதான் போகும். இரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்க வழியில்லை.

பிளானை ரகுவிடம் கொடுத்தேன். என் பெயரை எழுதச் சொன்னேன். பாதி வேலையில் அளக்காமல் விட்டேன் என்பதையும் எழுதச் சொன்னேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு தலையாட்டினார்.

செல்விக்கு நானே போய்ச் சொன்னேன். இந்த மாதிரிச் செய்தியை ரிப்போர்ட்டில் படித்துத் தெரிந்துகொள்ள விடக்கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய யூனிட் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். தலையில் துணித் தொப்பியோடு வந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மொத்த வீடும் போச்சா மேடம், அடுப்படி மட்டுமா?"

அடுப்படி மட்டும்தான், மற்றதெல்லாம் கெட்டி மண்ணில் நிற்கிறது, அதையும் ரகு முழுசாகப் பார்த்துவிட்டார் என்றேன். வெடிப்பு கூடத்துச் சுவருக்கு வரவில்லை. வருவதற்குள் பார்த்தாகிவிட்டது.

"அப்ப எனக்கு வீடு வேணும். அடுப்படியச் சரி பண்ணிக் குடுத்தா வாங்குதேன். இல்லன்னா வேண்டாம். அவிய கிட்ட நீங்களே சொல்லிருங்க."

அவிய என்றது சிரஸ்தாரை. நான் போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தன் செலவில் இடித்துக் கட்டிக் கொடுப்பதாகவும், அது முடிந்த பிறகே பதிவு என்றும் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். செல்வியின் கணவர் லீவைத் தள்ளிப் போட்டார். சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொடுக்கிறேன் என்று நான் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டேன். என் வேலையை ரகு பார்க்க வேண்டும் என்று நானே சொன்னேன். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் வந்து அளந்து சரி என்ற பிறகுதான் அடுத்த வேலை நடந்தது. ஒருமுறை கம்பி கட்டியதில் இடைவெளி கூடிவிட்டது என்று அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்துக் கட்டினேன்.

தரையை உடைத்த அன்று எல்லோரும் இருந்தோம். ஓட்டை பெரிதாகப் பெரிதாக உள்ளே வெளிச்சம் விழுந்தது. ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரிய பொந்து. மேலே கிடந்த தரை எதன் பலத்தில் நின்றது என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்குப் புரியவில்லை.

சிரஸ்தார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கனதான் நின்னு சமைச்சா. தண்ணி இந்தப் பக்கம் ஓடுதுன்னு தெனமும் சொல்லுவா. தொடச்சிக்கோன்னேன்."

செல்வி அவர் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

கிணற்றை மறுபடி மூட வேண்டாம் என்று ரகு யோசனை சொன்னார். குப்பையை அள்ளிவிட்டு, மழைத் தண்ணீர் இறங்கும் குழியாக்கி, மேலே கனமான மூடி போட்டோம். சமையலறை நான்கு அடி சின்னதாகி என் பிளானில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. செல்வி இப்போது அங்கேதான் சமைக்கிறாள். இடம் கொஞ்சம் நெருக்கடி என்று என்னிடம் குறை சொல்வாள். ரகுவும் நானும் இப்போது கல்யாண வீடுகளில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். நான் ஓய்வு பெற்றபோது என் ஆபீசை எடுத்துக்கொண்டது அவர்தான். உங்களில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை கற்றுக்கொள்கிறீர்கள்.

பயந்த மாதிரி என் பேர் கெடவும் இல்லை. ஐந்தாறு பேர் கூப்பிட்டுத் தங்கள் வீட்டையும் பார்க்கச் சொன்னார்கள். எல்லா வீட்டுக்கும் ரகுவை அனுப்பினேன். ஒன்றிலும் பெரிய குறை இல்லை என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் வீடு பார்க்கக் கூப்பிட்டாலும், கட்டியவர் யார், விற்கிறவர் யார், புரோக்கர் யார் என்று முதலில் கேட்பேன். அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவராக இருந்தாலும் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவேன். நேர்மையாக இருப்பேன் என்ற நம்பிக்கை எனக்கு என் மேல் நிறையவே உண்டு. பார்வை சரியாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

சிரஸ்தார் கோயம்புத்தூர் போய் எட்டு மாதம் கழித்து ஒருநாள் போன் செய்தார். மகள் அங்கே பழைய அபார்ட்மென்டில் வாங்குவதற்கு ஒரு வீடு பார்த்திருக்கிறாளாம். எல்லாம் நன்றாக இருக்கிறது, புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றார். பெயின்ட் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. வேண்டுமானால் நான் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ரகுவையும் கூட்டி வருகிறேன் என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் வேண்டாம் மேடம்" என்றார். "உங்களுக்கு எங்களத் தெரியும். தெரியாதவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க."